சமூக உளவியல் படித்து வேலைக்குப் போகலாமா? பெங்களூரில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

எனக்கு அல்சூரில் வீடு. முதலில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் வேலை பார்த்தேன், அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆய்வு, இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் ஆய்வு. படித்தது உளவியல், பிடித்தது சமூக உளவியல். ஒவ்வொரு வருடமும் பியூசி (நம் பிளஸ் டூ மாதிரி) ரிசல்ட் வருகிற வாரத்தில் தெருப் பிள்ளைகளும் அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அம்மா அப்பாக்களும் வந்து கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை விட்டிருக்கிறேன்.

சமூக உளவியல்னா என்ன? மனசு சரியில்லாதவங்களுக்கு வைத்தியம் பார்க்கிறதா?

இல்லை. நம் வீடுகளில் "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று சொல்கிறோமே, அந்த நாலு பேர் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் பேச்சையும் முடிவையும் பயத்தையும் எப்படி மாற்றுகிறார்கள் என்று ஆராய்கிற படிப்பு இது. ஆரோக்கியமான, சாதாரண மனிதர்களைப் பற்றியது.

நம் ஊரிலேயே ஒரு உதாரணம். 2012 ஜூலையில் அசாமில் கலவரம். ஆகஸ்டில் பெங்களூரில் இருந்த வடகிழக்கு மாநிலத்துக்காரர்களை இங்கேயும் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்எம்எஸ்ஸில் வதந்தி பரவியது. சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான பேர் மூட்டை கட்டிக்கொண்டு சிட்டி ரயில் நிலையத்தில் வந்து நின்றார்கள், குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள், ஒரே தடவையில் 5 எஸ்எம்எஸ்ஸுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு 15 நாள் கட்டுப்பாடே போட்டது. எங்கள் தெரு முனையில் மோமோ கடை வைத்திருந்த தம்பியும் கடையைப் பூட்டிவிட்டுப் போனான். "போகாதேப்பா, ஒண்ணும் ஆகாது" என்று எல்லோரும் சொன்னோம். அவன் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? இதற்குப் பதில் தேடினால் 1934க்குப் போக வேண்டும். அந்த வருடம் ஜனவரி 15 அன்று பீகாரில் பெரிய நிலநடுக்கம். அப்போது பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் சேகரித்து 1935ல் வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் எதுவும் ஆகாத இடங்களில்கூட "இதைவிடப் பெரியது வரப்போகிறது" என்றுதான் பேச்சு. அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் இதைப் படித்துவிட்டுக் குழம்பினார்: பயந்து போயிருக்கிற ஆட்கள் ஆறுதலான வதந்தியைத்தானே நம்ப வேண்டும், இன்னும் பயமுறுத்துகிற வதந்தியை ஏன் நம்புகிறார்கள்? அவருக்குக் கிடைத்த விடை, பயம் முதலிலேயே வந்துவிட்டது, ஆனால் கண்ணெதிரே காரணம் ஒன்றும் இல்லை, வந்த பயத்துக்குப் பொருத்தமான காரணத்தைத்தான் அந்த வதந்தி கொடுத்தது. 1957ல் அவர் வெளியிட்ட 'அறிவாற்றல் முரண்' கோட்பாட்டுக்கு (மனதில் இருக்கும் இரண்டு விஷயங்கள் பொருந்தாதபோது அந்த நெருடலைக் குறைக்கப் பார்ப்போம் என்பது) ஒரு விதை பீகாரில் சேகரித்த இந்த வதந்திகள்தான். மோமோ கடைத் தம்பிக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். ஊரில் நடந்த கலவரத்தைக் கேட்டு மனதில் பயம் ஏற்கெனவே ஏறியிருந்தது, எஸ்எம்எஸ் பின்னால் வந்தது. பயத்தை விட்டுவிட்டு எஸ்எம்எஸ்ஸை மட்டும் மறுத்துப் பேசினோம், அதனால் அவன் காதில் ஏறவில்லை.

சோஷியாலஜிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சமூகவியல் சாதி, வர்க்கம், குடும்பம், அரசு என்று அமைப்பிலிருந்து தொடங்கும். சமூக உளவியல் அந்த அமைப்புக்குள் நிற்கிற ஒரு ஆளிலிருந்து தொடங்கும், சோதனை முறையை அதிகம் பயன்படுத்தும். இரண்டையும் படிப்பவர்தான் நல்ல ஆய்வாளர் ஆவார் என்பது என் கருத்து.

இதைப் படிச்சா கவுன்சலிங் பண்ணலாமா? கிளினிக் வைக்கலாமா?

கிளினிக் வைக்கும் ஆசை இருந்தால் முதலிலேயே வேறு பாதையில் போங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். ஒசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருப்பதாலோ என்னவோ, பெங்களூரில் சைக்காலஜி என்றாலே எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வருகிறது. சமூக உளவியலாளருக்கு அந்த மாதிரிப் பதிவு தேவையில்லை, நோயாளியைப் பார்க்கிற உரிமையும் கிடையாது. எம்.ஏ. முடித்த கையோடு "தெரபிஸ்ட்" என்று போட்டுக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. தற்கொலை எண்ணத்தோடு வருகிற ஒருவர் முன்னால் பயிற்சி இல்லாமல் உட்காருவது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

பியூசியில் சயின்ஸ் எடுத்திருக்கணுமா?

கட்டாயம் இல்லை. ஆர்ட்ஸ், காமர்ஸ் பிள்ளைகளும் பி.ஏ. உளவியல் சேரலாம். பி.எஸ்ஸி.க்கு மட்டும் சில கல்லூரிகள் வேறு நிபந்தனை வைக்கும், விண்ணப்பத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பெங்களூரில் எங்கே படிக்கலாம்?

"சமூக உளவியல்" என்ற பெயரையே தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலான இடங்களில் பொது உளவியல் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி.க்குள் அது ஒரு தாள், இரண்டு தாள் என்று இருக்கும். ஞானபாரதி வளாகத்தில் பெங்களூர் பல்கலைக்கழகம், ஒசூர் ரோட்டில் கிறைஸ்ட், இன்னும் பல கல்லூரிகளில் உளவியல் இருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: ஆய்வு முறைகள் பாடத்தை யார் எடுக்கிறார், கடைசி வருடம் சொந்தமாகத் தரவு சேகரித்து ஆய்வேடு எழுத வேண்டுமா, போன வருடப் பிள்ளைகளின் ஆய்வேடுகளை நூலகத்தில் பார்க்கலாமா. மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

பி.எச்.டி.க்கு வரும்போது உளவியல் துறைக்கு வெளியேயும் கண் போக வேண்டும். நாகர்பாவியில் 1972ல் தொடங்கிய சமூக, பொருளாதார மாற்றத்துக்கான நிறுவனம் (எல்லோரும் ஐசெக் என்பார்கள்), ஐஐஎம் பெங்களூரின் நிறுவன நடத்தைப் பிரிவு, ஐஐஎஸ்சி வளாகத்துக்குள் இருக்கும் நியாஸ் (தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனம்), இப்படி. ஊரை விட்டுப் போக முடியுமானால் டெல்லி பல்கலைக்கழகம், ஐஐடிகளின் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் துறைகள். அலகாபாத் பல்கலைக்கழகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். துர்கானந்த் சின்ஹா கட்டி எழுப்பிய உளவியல் துறை அது. மாக மேளா என்ற நீராடல் விழாவில் ஒரு மாதம் குளிரிலும் நெரிசலிலும் தங்கும் யாத்ரீகர்களைப் பற்றி அங்கிருந்தவர்களும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்து 2012ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அவ்வளவு சிரமப்பட்டும், மேளாவுக்குப் போகாதவர்களோடு ஒப்பிட்டால், போனவர்களின் நலம் கூடியிருந்தது என்று அவர்களே சொன்னதாகப் பதிவு செய்தார்கள். சபரிமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்து போகிற நம் ஆட்களைப் பற்றி யோசிக்காமல் அதைப் படிக்க முடியாது.

இன்னொரு விஷயம். 4 வருட ஆனர்ஸ் திட்டத்தைக் கைவிட்டு 2024-25 முதல் கர்நாடக அரசு 3 வருட டிகிரிக்குத் திரும்பிவிட்டது. தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கணக்கு வேறு. சேருமுன் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. சைக்காலஜி பண்ணலாமா?

முன்பு நிறைய பேர் அப்படிச் செய்தார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்திவிட்டது. 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் உளவியலும் வருவது காரணம். யாராவது "இப்பவும் நடத்துறோம், பணம் கட்டுங்க" என்றால் யுஜிசி இணையதளத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எனக்குக் கணக்கு வராது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இல்லாமல் முடியுமா?

முடியாது. ஆனால் நீங்கள் பயப்படுகிற கணக்கு அது இல்லை.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று பாட்டி சொன்னாளே, மாதிரி எடுப்பு என்ற பாடம் முழுக்க அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. பானையில் எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில் ஒரே சூட்டில் கொதிக்கிறது, அதனால் ஒரு பருக்கை போதும். பெங்களூர் அப்படி வெந்த பானையா? இந்திராநகர் காபி ஷாப்பில் 400 பேரைக் கேட்டுவிட்டு "பெங்களூர்க்காரர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று எழுதினால், ஸ்ரீராமபுரத்தில் இருப்பவர்களும் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வருபவர்களும் அந்தக் கணக்கில் எங்கே போனார்கள்? எத்தனை பருக்கை எடுத்தோம் என்பதைவிடப் பானையின் எந்தெந்த மூலையில் எடுத்தோம் என்பதுதான் பெரிய கேள்வி. இது புரிந்துவிட்டால் பாதி புள்ளியியல் வந்துவிட்டது என்று தைரியமாக இருங்கள். மீதிப் பாதியைக் கம்ப்யூட்டர் போடும். கல்லூரியில் எஸ்பிஎஸ்எஸ் என்ற மென்பொருளைச் சொல்லித் தருவார்கள், அதற்குக் காசு. ஆர், ஜாமோவி இரண்டும் இலவசம், ஆர் தெரிந்தால் வேலைச் சந்தையில் மதிப்பு அதிகம்.

எண் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2007ல் வந்த ஒரு ஆய்வைச் சொல்வேன். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு வேலை விண்ணப்பங்களை அனுப்பினார்கள், தகுதி ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு: உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். தலித், முஸ்லிம் பெயர்களுக்குக் கூப்பிடுவது குறைந்தது. இந்த அநியாயத்தை அனுபவித்தவர்கள் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், "உனக்குத் தகுதி இல்லை, அதான் கூப்பிடலை" என்று வாயை அடைத்தார்கள். தகுதியைச் சமமாக்கி எண்ணிக் காட்டியதும் அந்தப் பதிலுக்கு இடமில்லாமல் போய்விட்டது. எண்ணுக்கு அவ்வளவு வலு.

எல்லாம் அமெரிக்கா, ஐரோப்பாக் கதையா இருக்கே. நமக்குப் பொருந்துமா?

நியாயமான சந்தேகம், ஆராய்ச்சியாளர்களே ஒத்துக்கொண்ட குறை. பழைய சோதனைகளில் பெரும்பாலானவை மேற்கத்தியக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. ஆனால் நம் பக்கமும் வரலாறு உண்டு. மைசூர் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1924லேயே வந்துவிட்டது, அதைத் தொடங்கிய பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமிதான் 1935ல் தன் வீட்டிலிருந்து ஒரு வானொலி நிலையமும் நடத்தினார், பெயர் ஆகாசவாணி. அதே மைசூரில் ஜோன் மில்லர் செய்து 1984ல் வெளியிட்ட ஆய்வு இன்று உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது. அடுத்தவர் செய்த தவறுக்குக் காரணம் கேட்டால் சிகாகோக்காரர்கள் "அவன் குணம் அப்படி" என்பார்கள், மைசூர்க்காரர்கள் "அவன் நிலைமை அப்படி" என்பார்கள். சின்னப் பிள்ளைகளிடம் அவ்வளவு வித்தியாசம் இல்லை, வளர வளரக் கூடுகிறது. ஆக, இதைப் பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது, வளர்கிற இடத்தில் கற்றுக்கொள்வது.

படிச்சா வேலை எங்கே கிடைக்கும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நேராகச் சொல்கிறேன்: "சமூக உளவியலாளர் தேவை" என்று விளம்பரம் வருமென்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்பீர்கள். படிப்பின் பெயரை யாரும் வாங்குவதில்லை. மனிதர்களிடம் சரியாகக் கேட்கவும், கேட்டதைச் சரியாக எண்ணவும், எண்ணியதை மிகைப்படுத்தாமல் எழுதவும் தெரிந்த ஆளைத்தான் வாங்குகிறார்கள், அந்த ஆளுக்குப் பத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெங்களூரில் முதல் பெயர் யூஎக்ஸ் ரிசர்ச்சர், அதாவது பயனர் ஆய்வாளர். ஒரு பணம் அனுப்பும் செயலியை ஒரு பூக்காரம்மா ஏன் பாதியில் நிறுத்திவிட்டு மகனிடம் போனைக் கொடுக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் வேலை. "அவருக்குப் படிக்கத் தெரியாது" என்று பொறியாளர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவருக்குப் படிக்கத் தெரியும். தப்பாகப் போனால் மருமகள் முன்னால் தலைகுனிவு என்ற பயம்தான் காரணம். "நாலு பேர்" அங்கேயும் இருக்கிறார்கள். இதே படிப்பை வைத்துக்கொண்டு சந்தை ஆய்வு நிறுவனங்களுக்குப் போகலாம், பெரிய நிறுவனங்களின் மனிதவளத் தரவுப் பிரிவுக்குப் போகலாம், தொண்டு நிறுவனங்களில் திட்டம் வேலை செய்கிறதா என்று அளக்கும் எம் அண்ட் ஈ பிரிவுக்குப் போகலாம். சமூக ஊடக நிறுவனங்களில் வதந்தி, வெறுப்புப் பேச்சைக் கையாளும் குழுக்களும் எடுக்கிறார்கள். அரசுத் திட்டங்களுக்காக நடத்தை மாற்றத்தை ஆராயும் மையங்கள் டெல்லிப் பக்கம் அதிகம், சோனிபட் அசோகா பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது.

நடத்தை மாற்றம் என்றால் ஏதோ புதுசு என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உளவியலாளர் கர்ட் லெவின் அமெரிக்கக் குடும்பத் தலைவிகளை ஈரல், இதயம் மாதிரி உறுப்பு இறைச்சிகளைச் சமைக்க வைக்கப் பார்த்தார். ஒரு கூட்டத்துக்குச் சத்துணவுச் சொற்பொழிவு. இன்னொரு கூட்டத்தில் அவர்களே பேசி, முடிவெடுத்து, கை தூக்கச் சொன்னார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் சமைத்தார்கள், சேர்ந்து முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று காலையில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டே போகிற வண்டியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்ணும்தான் நினைவுக்கு வரும். ஒரு தெருவில் பத்து வீட்டுக்காரர்களை உட்கார வைத்துக் கை தூக்கச் சொல்லிப் பார்க்கலாமே.

தமிழ் தெரிவதால் இந்த வேலையில் லாபம் உண்டா?

உண்டு. பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் மனசாரச் சொல்ல நினைப்பது இதைத்தான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சிவாஜிநகர் கடையில் உருது, பக்கத்து வீட்டில் தெலுங்கு, ஆபீஸில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளை, மொழி மாறும்போது ஆள் எப்படி மாறுகிறார் என்பதைப் பத்து வயதிலேயே பார்த்துவிடுகிறது.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். தொண்டு நிறுவனத்தில் இருந்தபோது ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழில் போட்டேன். "கடந்த மாதத்தில் மன அழுத்தம் இருந்ததா?" என்று எழுதினேன், ரொம்பச் சரியான தமிழ் என்று நினைத்துக்கொண்டு. ஆஸ்டின் டவுனில் ஒரு பெரியம்மா, "அழுத்தம் இருக்குதும்மா, தினம் காலையில ஒரு மாத்திரை போடுறேன்" என்றார். அவர் சொன்னது ரத்த அழுத்தம். அன்று மாலை பழைய தாள்களைப் புரட்டினால், அதே மாதிரி எத்தனை பேர் சொன்னார்களோ, எல்லாம் "ஆம்" என்று விழுந்திருக்கிறது. அந்தப் பகுதித் தாள்கள் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு, "மனசுக்கு டென்ஷனா இருந்துச்சா?" என்று மாற்றி மறுபடி கேட்டோம். அப்போதுதான் பேச ஆரம்பித்தார்கள்.

அடுத்த சிக்கல் அளவுகோல். ரென்சிஸ் லிக்கர்ட் 1932ல் கொண்டு வந்த முறை: "முழுக்க ஒப்புக்கொள்கிறேன்" முதல் "துளியும் ஒப்புக்கொள்ளவில்லை" வரை ஐந்து படி. இதை ஒரு தமிழ் அம்மாவிடம் வாசித்துக் காட்டினால் மூன்றாவது கேள்வியிலேயே "உனக்கு எது தோதோ அதையே போட்டுக்கோம்மா" என்பார். வீட்டுக்கு வந்த பெண்ணின் மனம் கோணக் கூடாது என்ற நல்லெண்ணம் அது, தரவுக்கு விஷம். அதனால் சில கேள்விகளைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும், ஐந்து படியை ஐந்து டம்ளர் தண்ணீராகப் படம் வரைந்து காட்ட வேண்டும், ஒருவர் தமிழாக்கியதை ஆங்கில மூலம் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும், முதல் பத்துப் பேரிடம் "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். இதைப் பொறுமையாகச் செய்கிற ஆளுக்கு வேலை போகவே போகாது.

கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாமல் பேச மட்டும் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். இந்த ஊரில் கேள்வி கேட்டு வாழப்போகிறவருக்கு அது அடிப்படை மரியாதை.

மில்கிராம், ஜெயில் சோதனை எல்லாம் பொய்யாமே? அப்புறம் எதுக்குப் படிக்கணும்?

எல்லாம் பொய்யில்லை, எல்லாம் அப்படியே உண்மையும் இல்லை. பிரித்துப் பார்க்கலாம்.

ஸ்டான்லி மில்கிராம் 1963ல் வெளியிட்ட சோதனையில் 40 பேரில் 26 பேர் அதிகாரி சொன்னதற்காக 450 வோல்ட் வரை ஷாக் கொடுக்கும் பொத்தானை அழுத்தினார்கள் (பக்கத்து அறையில் இருந்தவருக்கு உண்மையில் ஷாக் எதுவும் போகவில்லை). இது பிறகு பல வடிவங்களில் செய்து பார்க்கப்பட்டது, நெறிமுறை பற்றி விமர்சனம் நிறைய. மாணவர்களைக் கைதி, காவலர் என்று பிரித்து நடிக்கவைத்த 1971ன் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு 6 நாளில் நின்றது, காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்பே குறிப்புக் கொடுத்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது, அதை அறிவியலாக நான் எடுத்துக்கொள்வதில்லை. 1964ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொலையை 38 பேர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற பத்திரிகைச் செய்தி பெரிதும் தவறு, ஆனால் அதைப் பார்த்து டார்லியும் லடானேயும் 1968ல் செய்த சோதனைகள் (பக்கத்தில் ஆள் கூடக் கூட உதவ முன்வருவது குறைகிறதா என்று பார்த்தவை) வேறு, அவற்றைச் செய்தி தவறானதை வைத்துத் தள்ள முடியாது.

2011ல் நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் டீட்ரிக் ஸ்டாபெல் தரவையே இட்டுக்கட்டி எழுதியது வெளியானது. 2015ல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது சுமார் 36 சதவீதத்தில்தான் முடிவு புள்ளியியல்படி தேறியது. சமூக உளவியல் ஆய்வுகளில் இன்னும் குறைவு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, நான் நம்பிப் பாடம் எடுத்த சில விஷயங்களும் அதில் இருந்தன. ஆனால் அந்தக் கணக்கை எடுத்ததும் உளவியலாளர்கள்தான். தன் வீட்டுக் குப்பையைத் தானே தெருவில் கொட்டிப் பார்த்த துறை வேறு எத்தனை இருக்கிறது? இப்போது என்ன எதிர்பார்க்கிறேன் என்பதை ஆய்வுக்கு முன்பே பதிவு செய்வது, தரவைத் திறந்து வைப்பது எல்லாம் பழக்கமாகி வருகிறது. நீங்கள் நல்ல நேரத்தில்தான் வருகிறீர்கள்.

நெட், ஜேஆர்எஃப், பி.எச்.டி. பற்றிச் சொல்லுங்க.

யுஜிசி நெட் (கல்லூரியில் பாடம் எடுக்கவும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பார்க்கும் தேர்வு) வழக்கமாக ஜூன், டிசம்பர் என்று இரண்டு முறை. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆகும்போது 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஐஐடி பக்கம் போகிறவர்களுக்கு கேட் தேர்வில் 2021 முதல் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் தாள் இருக்கிறது, அதில் உளவியலும் ஒரு பிரிவு. பி.எச்.டி.க்குக் குறைந்தது 3 வருடம், வழக்கமான உச்சவரம்பு 6 வருடம். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் இப்போது ஆய்வு செய்கிறவர்களிடம் தனியாகப் பேசுங்கள், அவருடைய கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பதைவிட அது முக்கியம்.

சம்பளம்?

அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியர் ஆனால் யுஜிசி அளவில் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் நிரந்தர இடம் கிடைப்பது அரிது, கெஸ்ட் லெக்சரராக வருடக்கணக்கில் இழுபடுகிறவர்களை எனக்குத் தெரியும், அது மனதை உடைக்கிற நிலை. நிறுவனங்களில் யூஎக்ஸ் ஆய்வுக்கு எல்லாவற்றையும்விட அதிகம். சந்தை ஆய்வு நடுவில். தொண்டு நிறுவனத்தில் குறைவு, ஆனால் களம் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும், அதனால் முதல் இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு வாருங்கள் என்பேன், வீட்டு நிலைமை இடம் கொடுத்தால்.

காவிரிப் பிரச்சினை மாதிரி விஷயங்களைத் தமிழராக இருந்துகொண்டு ஆராயலாமா?

ஆராயலாம். தனியாகச் செய்யாதீர்கள், கன்னடம் தாய்மொழியான ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள், கேள்வியை இருவரும் சேர்ந்து எழுதுங்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். பதில் சொல்கிறவர் பெயர் வெளியே போனால் அவருக்கு ஆபத்து வரலாம் என்கிற தலைப்பு இது.

2016 செப்டம்பர் 12 அன்று பேருந்துகளும் லாரிகளும் எரிந்தபோது நான் அம்மாவோடு வீட்டில் இருந்தேன். சாயங்காலம் எதிர்வீட்டுக் கன்னட அம்மா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார், இரவு பதினோரு மணி வரை எழுந்திருக்கவில்லை. அவர் நல்லவர் என்பதால்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954ல் எழுதியதைத் திரும்பப் படித்தபோது வேறு ஒன்றும் தெரிந்தது. இரண்டு குழுக்கள் பழகினால் மட்டும் வெறுப்புக் குறையாது, சம அந்தஸ்தில், ஒரே நோக்கத்துக்காக, சேர்ந்து வேலை செய்து பழக வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்கிறார். அம்மாவும் அந்த அம்மாவும் பதினோரு வருடம் சேர்ந்து சீட்டு நடத்தியவர்கள். சமமான பங்கு, ஒரே கணக்கு நோட்டு, யாராவது பணம் கட்டாமல் ஓடினால் இருவரும் சேர்ந்துதான் தேடிப் போக வேண்டும்.

மேல்மட்ட ஆதரவுக்கும் நம் கண்ணெதிரே உதாரணம் இருக்கிறது. 18 வருடம் மூடிக் கிடந்த அல்சூர் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறந்தது, சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞர் சிலை திறந்தது, இரு முதல்வர்களும் இரு விழாவுக்கும் வந்தார்கள். சிலைக்கும் சீட்டுக்கும் இடையில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒருவர் முறையாக ஆராய்ந்தால் நான் சந்தோஷப்படுவேன். உதவி வேண்டுமானால் செய்கிறேன்.

ஐடியில் இருக்கிறேன், 34 வயது. இப்போது வரலாமா?

வரலாம். நேரடியாக எம்.ஏ. சேரத் துணிவு இல்லையென்றால் இப்போதிருக்கும் நிறுவனத்திலேயே பயனர் ஆய்வுக் குழுவோடு சேர்ந்து ஒரு திட்டம் செய்யுங்கள், தரவு கையாளும் திறமை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஜேஆர்எஃப்க்கு மட்டும் வயது வரம்பு உண்டு, பொதுப் பிரிவுக்கு 30, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு உச்ச வயது வரம்பு இல்லை.

வீட்டில் "இதெல்லாம் ஒரு படிப்பா" என்கிறார்கள்.

அப்பா அம்மா பயப்படுவது சோற்றுக்காக, உங்கள் ஆசையை மிதிப்பதற்காக இல்லை. மேலே வேலை பற்றி எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். அதோடு வேலை விளம்பரங்களில் நாலைந்தைப் பிரிண்ட் எடுத்து, கேட்கிற திறமைகளைக் கோடு போட்டுக் காட்டுங்கள். எங்கள் அப்பா அப்படித்தான் ஒத்துக்கொண்டார், ஒரு வருடம் எடுத்தது.

சேர்வதற்கு முன்னால் இது எனக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். மெட்ரோ நுழைவு வரிசை, ரேஷன் கடை, மாநகரப் பேருந்தின் பெண்கள் இருக்கைப் பக்கம், எதுவானாலும் சரி. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எண்ணுங்கள்: எத்தனை பேர் வரிசையைத் தாண்டினார்கள், தாண்டியதும் யாராவது வாய் திறந்தார்களா, முதலில் கேட்டவர் ஆணா பெண்ணா, எந்த மொழியில் கேட்டார். யார் பெயரும் வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். எண்ண ஆரம்பிக்கும் முன்பே முதல் பக்கத்தில் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதித் தேதி போட்டுவிடுங்கள். ஏழாம் நாள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்போது, நீங்கள் எழுதியது தப்பாகப் போயிருந்து, அதனால் கோபம் வராமல் எட்டாம் நாளும் போய் நிற்கத் தோன்றினால், என்னை வந்து பாருங்கள், நோட்டையும் எடுத்துக்கொண்டு.